பிளஸ் டூ போதுமாம்

கொல்லிமலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சொந்த ஊர் கீழே ராசிபுரம் பக்கம். வேலைக்காக மலைமேலேயே ஆலத்தூர் நாடு என்கிற ஊரில் வீடெடுத்துப் பல வருடமாகக் குடியிருக்கிறோம். ஒரே மகள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், எந்தக் கல்லூரி என்று நான் பேச்செடுத்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"காலேஜ் வேண்டாம்மா. நான் பைலட் ஆகப்போறேன்."

"டிகிரி இல்லாதவங்க கையில ஏரோப்ளேனை யாரு குடுப்பாங்க கண்ணு?"

"பிசிக்ஸ், மேத்ஸோட பிளஸ் டூ போதும்மா. ட்ரெய்னிங் முடிச்சு லைசென்ஸ் வாங்கணும். வேலைக்கு எடுக்கறவங்க பெரும்பாலும் டிகிரி கேக்கறதில்ல."

கணவருக்கு உள்ளூர சந்தோஷம். எனக்குப் பயம். மலைப்பாதையில் பஸ் திரும்பும்போது இன்றைக்கும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறவள் நான்.

கூட வேலை பார்க்கும் டீச்சரின் தம்பி விமானம் ஓட்டியவர். அவருக்குப் போன் செய்தேன்.

"பாப்பா சொல்றது நெசந்தானுங்க. நானே டிகிரி இல்லாமத்தான் சேர்ந்தேன்" என்றார். நான் மூச்சு விடுவதற்குள் தொடர்ந்தார். "ஆனா வருசா வருசம் மெடிக்கல் டெஸ்ட் இருக்குதுங்க. எனக்கு ஒரு காது கேக்காமப் போச்சு. இனி ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க. வேற வேலை தேடிப் போனா, எல்லாரும் மொதல்ல கேட்டது டிகிரியத்தான்."

"இப்ப என்னங்க பண்றீங்க?"

"தபால்ல டிகிரி படிக்கறேனுங்க. எம் பையனும் நானும் ஒண்ணாப் பரீட்சை எழுதறோம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு என் பயம் இரண்டானது. வானத்திலிருந்து விழுந்துவிடுவாளோ என்பது ஒன்று. விழாமலேயே, பாதி வயதில் ஒன்றுமில்லாமல் நின்றுவிடுவாளோ என்பது இன்னொன்று. அவள் டிவி சத்தத்தைக் கூட்டினால் காதில் கோளாறோ என்று நினைப்பேன். கண்ணைக் கசக்கினால் விளக்கடியில் நிறுத்திப் பார்ப்பேன்.

பயிற்சியில் சேருவதற்கான மெடிக்கல் டெஸ்டுக்குச் சென்னைக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர் முகம் மாறி, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் கை ஐஸாக இருந்தது.

"வேண்டாம்னுட்டா என்னம்மா பண்றது?"

அவள் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இதற்குத்தான் காலேஜ் போகச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நாள் இவள் போகக்கூடாது என்று வேண்டியவள், பாஸாகிவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனில் குறையொன்றும் இல்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் அவளாகவே சொன்னாள். "தபால்ல ஒரு டிகிரியும் சேந்து படிக்கறேம்மா. வேலைக்கில்ல. நீ தூங்கணுமில்ல, அதுக்கு."

பயிற்சிக்குப் போய்ச் சில மாதங்களில், மறுநாள் காலை முதல்முறையாகத் தனியாகப் பறக்கப்போவதாகப் போனில் சொன்னாள். மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டேன். வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ரேஷன் கடை மேட்டுக்குப் போய்ப் போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். எதிரே ரோடே தெரியாத அளவுக்குப் பனி. அங்கேயும் இப்படி இருந்தால் எப்படி இறக்குவாள் என்று நினைத்ததும் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் ஓட்டுவதற்கு ஆளில்லை என்ற ஒன்றே திரும்பத் திரும்ப மனசில் ஓடியது. மிளகு மூட்டையோடு வந்த ஒருவர், "ஏனுங்க டீச்சர், உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார். கையிலிருந்த போனைத் தூக்கிக் காட்டினேன்.

போன் அடித்தது.

"எறக்கிட்டேம்மா."

அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். என்னென்னவோ கேட்க நினைத்து, "சாப்பிட்டியா சாமி?" என்று மட்டும்தான் கேட்டேன்.

"இனிமேத்தாம்மா. நாளைக்கும் தனியாத்தான் போறேன்."