சித்தேரிக்குத் திருப்பிக் கொடுத்த கல்

கல் பொறுக்குவதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று சிரிக்காதீர்கள். யுத்தத்துக்கு முந்தி நாலு வருஷம் அதில்தான் நான் சோறு தின்றேன். ஆதிமனிதனின் கல்லாயுதங்களைத் தேடித் தருமபுரிப் பக்கம் வந்த ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு நான் குமாஸ்தா. அவர் இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும், ஜனங்கள் தமிழில் திட்டுவதை நாசூக்காக இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் நின்று பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

முதல் கூடை

அதியமான்கோட்டையில் ஒரு சோளக்காட்டில் துரையும் நானும் குனிந்து தேடிக்கொண்டிருந்தோம். புதையல் என்று நினைத்துக் காட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். கூடையைத் திறந்து காட்டினேன். உள்ளே வெறும் உடைந்த கல். பாவம், துரைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேக்கால காட்லயும் நெறையக் கெடக்குதுங்க. அதையும் பொறுக்கிட்டீங்கன்னா எங்களுக்கு ஏர் ஓட்டச் சௌகரியமா இருக்கும்" என்றார்.

பெட்டிக்குள் ஆப்பிரிக்கா

துரையின் பெட்டியில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கைக்கோடரி ஒன்று இருந்தது. உள்ளங்கை நீளம், பச்சை ஓடிய கல். பென்னாகரம் பங்களாவில் அதை நம்மூர்க் கல்லோடு சேர்த்து வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே வெட்டு, ஒரே கூர். மனுஷ குலமே ஆப்பிரிக்காவில் பிறந்து அங்கிருந்து நடந்து வந்தது என்பது அவர் கட்சி. மற்ற துரைமார் ஒப்பவில்லையாம். எனக்கோ மயிர்க்கூச்செறிந்தது. ஓடிப்போய் பங்களா சமையற்காரரிடம் சொன்னேன். அவர் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "நடந்து வந்தாங்க, சரிங்க. வழியெல்லாம் கல்லு கெடக்கறப்ப, எதுக்குங்க அங்கிருந்து தூக்கிக்கிட்டு வரணும்?"

கொடுத்த வாக்கு

சித்தேரி மலையில் சின்னப்பொண்ணு என்ற அம்மாளின் காட்டோரம், மரத்தடியில் ஒரு கறுப்புக் கைக்கோடரி. அவர்களுக்கு அது சாமி. அதன்மேல் தண்ணீர் ஊற்றி, வழிகிற தண்ணீரைச் சாமை விதையில் தெளித்த பிறகுதான் விதைப்பார்கள். துரை படம் வரைய இரவல் கேட்டார். அந்தம்மா தயங்கினார். விதைப்புக்குள் திரும்பி வந்துவிடும் என்று சத்தியம் செய்தது நான்தான். துரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தம்மா என்னிடம் சொன்னார்: "அவருக்காகக் குடுக்கலீங்க. நீங்க சொல்றீங்களேன்னு குடுக்கறன்."

திருப்பிக் கொடுத்தது

துரை அதைக் கப்பலேற்றிவிட்டார். கேட்டதற்கு, சீமையில் பத்திரமாக இருக்கும் என்றார். முதல் மழை விழுந்தது. சித்தேரியில் விதைக்கிற நேரம் வந்துவிட்டது. மலையேறிப் போய் உள்ளதைச் சொல்லியிருக்கலாம், சொல்ல முகமில்லை. பெட்டியிலிருந்த ஆப்பிரிக்கக் கல்லைத் திருடினேன். ஆமணக்கெண்ணெயில் விளக்குக்கரியைக் குழைத்துப் பூசிக் கறுப்பாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் கல் வழியில் எங்கோ தொலைந்தது என்று துரையும் நம்பிவிட்டார்.

சின்னப்பொண்ணு அதை வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது. சேலையில் துடைத்துக்கொண்டு, "ரொம்பத் தூரம் போயிட்டு வந்துருக்குதுங்க. எளைச்சுப் போச்சு" என்றார்.

கரி கரைந்தது

யுத்தம் முடிந்த மறுவருஷம் வேறொரு துரை வந்தார். பழைய குமாஸ்தா என்று என்னைத் தேடிப் பிடித்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் சித்தேரிக்கே இழுத்துப் போனார். வருஷா வருஷம் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கரியெல்லாம் போய், மரத்தடியில் கல் பச்சையாக இருந்தது. துரை அப்படியே மண்டி போட்டுவிட்டார். ஆப்பிரிக்காவில் மட்டும் கிடைக்கிற கல் இந்த மலையில் எப்படி? எத்தனை காலமாக இங்கே இருக்கிறது என்று கேள் என்றார். கேட்டேன்.

சின்னப்பொண்ணு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இது எங்க கல்லு இல்லீங்க. அன்னிக்கே தெரியும். கேட்டா உங்களுக்கு வெக்கமாப் போயிடுமேன்னுதான் இதுக்கே தண்ணி ஊத்திக்கிட்டிருக்கறோம்."

துரை பென்சிலோடு காத்திருந்தார். அப்போதாவது நிஜத்தைச் சொன்னேனா? முப்பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன். அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் தலை குனிந்துகொண்டார்.

ஆதிமனிதன் ஆப்பிரிக்காக் கல்லைச் சித்தேரி மலைக்குச் சுமந்து வந்தான் என்று எங்கேயாவது அச்சில் பார்த்தால் சந்தேகப்படாதீர்கள், சுமந்தவன் நான்தான்.