அம்மாக்கண்ணுவின் கறிவேப்பிலைத் தொட்டி

இரு கைகளும் களிமண்ணைத் திரியாக உருட்டி, வளைத்து, கீழே இருந்த வளையத்தின் மேல் வைத்து அழுத்தின. கட்டைவிரல் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே. இரண்டு திரிகளுக்கும் நடுவே இருந்த கோடு மறைந்தது. சக்கரம் கிடையாது. தொட்டி பலகைமேல் அசையாமல் நிற்க, கைகளுக்கு உரியவள்தான் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

"ஒரு எடத்துல குந்திச் செய்யேன்டி பூரணி. பாக்குற எனக்கே தலை சுத்துது" என்றாள் தேயிலைத் தோட்ட லயத்தில், ஒரே கூரை வரிசையில் அடுத்த காம்பிரா அறையில் இருக்கும் அம்மாக்கண்ணு.

"நான் ஒக்காந்தா தொட்டியும் ஒக்காந்துரும்க்கா."

பூரணிக்கு உட்காரத் தெரியாது. கொழுந்து பறிக்கும் மலையில் தன் நிரையை முடித்துவிட்டு அடுத்தவள் நிரைக்குள் கையை நீட்டித் திட்டு வாங்குவாள். ஹட்டன் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போவாள். அவளுடைய தோட்டம் காம்பிராவின் வாசலோரம்: கிழிந்த உரப்பையில் உருளைக்கிழங்கு, அடி துருவேறிய பெயின்ட் வாளியில் கறிமிளகாய், ஒழுகும் கேத்தலில் புதினா, விரல் தெரியும் மழைச் சப்பாத்தில் மல்லி. எதற்கும் காசு கொடுத்ததில்லை.

மண் வேலையையும் யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தரம் பழைய அடுப்பைப் பிரித்து வெளியே போட்டபோது, அதன் வெளிப்பக்கம் மழையில் கரைந்தது. தீ பட்ட உட்பக்கம் கல்லாகக் கிடந்தது. அதை எடுத்துத் தட்டித் தட்டிப் பார்த்தவள், மறுநாளே ஆற்றோரத்தில் களிமண் தோண்டப் போய்விட்டாள்.

இந்தத் தொட்டி அம்மாக்கண்ணுவின் கறிவேப்பிலைக்கு. இந்தக் குளிரில் கறிவேப்பிலை லேசில் பிழைக்காது. அவளுடையது அடுப்படிச் சுவரின் பின்பக்கச் சூட்டில் ஒண்டி வளர்ந்தது. முழங்கால் உயரந்தான் என்றாலும் லயமே அதை மரம் என்றது. இப்போது அம்மாக்கண்ணு வேலையை விட்டு மஸ்கெலியாவுக்கு, மகள் வினோதாவோடு இருக்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை லொறி. அந்த வீட்டைச் சுற்றிச் சீமெந்து. மரம் தொட்டியில் போய் அடுப்பங்கரைக்குள்ளேயே இருந்தால்தான் உண்டு. தகர வாளி, குளிரை அப்படியே வேருக்குக் கொடுத்துவிடும்.

முன்பு செய்த இரண்டு தொட்டிகள் தீயில் வெடித்துவிட்டன. மூடுபனியில் மண் காயவில்லை, பூரணி பொறுக்கவில்லை.

"இதுவும் போச்சுன்னா மரத்த வெட்டி நீயே கொழம்புல போட்டுக்க" என்றாள் அம்மாக்கண்ணு. வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வெகுநேரம் இலையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

மூன்றாவதை அடுப்புக்கு மேலே விறகுப் பரணில் ஏற்றினாள் பூரணி. கொழுந்து நிறுத்து வந்ததும், சோறு வடித்ததும், தண்ணீர் பிடித்ததும் ஏறிப் போய்த் திருப்பி வைத்து, அதன்மேல் கன்னத்தை ஒட்டிப் பார்த்தாள். ஈரம் இருந்தால் சில்லிடும். சில்லிடாத அன்று வெளியே தோண்டிய குழியில் இறக்கி, கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சிகளை மேலே அடுக்கித் தீ வைத்தாள்.

ஞாயிறு காலை சாம்பலிலிருந்து எடுத்துச் சுண்டினாள். கணீரென்றது. லொறியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாக்கண்ணு, வேரோடு தோண்டி ஈரச் சாக்கில் கட்டிய மரத்தைத் தூக்கி வந்தாள். தொட்டியை நனைக்க ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது.

"அடியே, இது தொட்டியா, கொடமா?"

பூரணி எட்டிப் பார்த்தாள். அடியில் ஓட்டையே இல்லை. லயத்தில் தூக்கி எறிகிற எல்லாமே ஏற்கெனவே ஓட்டைதான், அதனால்தான் எறிகிறார்கள். செடி வைக்க அவள் ஒரு நாளும் ஓட்டை போட்டதில்லை. முதல் இரண்டிலும் போட்டிருக்கவில்லை. அவை வெடித்ததால் தெரியாமல் போயிற்று.

"ஆணிய வெச்சு ஒரே தட்டு" என்று சுத்தியலோடு வந்தான் அவள் புருஷன் யோகேஸ்வரன்.

"ஒரே தட்டுல பத்து ஓட்டை வுழுந்துரும். ஒங்க ஒடஞ்ச அரத்தக் குடுங்க."

தொட்டியை இன்னொரு ஈரச் சாக்கில் கவிழ்த்துவிட்டு, பூரணி அதன் முன்னால் குந்தினாள். கத்தி தீட்டும் அரத்தின் முனையை நடுவில் ஊன்றி, தண்ணீர் சொட்டவிட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே அதைக் கடைந்தாள். அழுத்தினால் பிளக்கும். தானாகத்தான் தேய வேண்டும்.

லொறி ஹோர்ன் அடித்தது. "யக்கா, மழை வருது, மெத்தை நனையும்!" என்று கத்தினான் சாரதி லக்ஸ்மன்.

"நீ மேல படுத்து மறைச்சுக்கடா!" என்றாள் அம்மாக்கண்ணு. அவள் கண் மரத்தின் மேலேயே இருந்தது. இலைகள் தொங்கத் தொடங்கியிருந்தன.

பூரணியின் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. எழுந்து நடந்தால் போதும் என்று உடம்பு பரபரத்தது. கை மட்டும் ஒரே வேகத்தில் சுற்றியது. மண் கரைந்த சிவப்புத் தண்ணீர் வழிந்தது. ஒரு தரம் நறுக்கென்றது. அவள் நகத்தால் தடவிப் பார்த்தாள். விரிசல் இல்லை.

"இவ இவ்ளோ நேரம் ஒக்காந்து இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றான் யோகேஸ்வரன்.

"கண்ணு வைக்காதீங்க."

அரம் சட்டென்று உள்ளே இறங்கியது. தொட்டியை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினாள். அடியால் ஒழுகியது. வெடித்த தொட்டியின் ஓடு ஒன்றை ஓட்டைமேல் கவிழ்த்து, மண்ணும் மக்கிய தேயிலைத் தூளும் போட்டு மரத்தை நட்டாள். அதற்குள் அம்மாக்கண்ணு லொறியின் முன் சீட்டில் ஏறி மடியை விரித்திருந்தாள்.

"ஒழுகும்க்கா. சேலை நனைஞ்சிரும்."

"ஒழுகட்டும்டி. குடு."

பூரணி தொட்டியைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள்.