பெரிய தெருவில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை

சமூகவியல் ஆய்வு என்பது ஊரறிந்த விஷயத்துக்கு அட்டவணை போடும் வேலை என்று, கல்லூரியில் கூடப் படித்த சாந்தியை எப்போதும் கேலி செய்வேன். அவள் இப்போது அதே துறையில் ஆய்வாளர். "ஒரு நாள் எங்கூட வந்து பாத்துட்டுப் பேசுலே" என்றாள். போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு போனேன். என் வாய் அடைத்துப்போனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் காலை ஏழரைக்குப் பேருந்து. பசுவந்தனை தாண்டி ஓட்டப்பிடாரம் பக்கம் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம், டிக்கெட் முப்பது ரூபாய். இருபுறமும் மழை குடித்த கரிசல், அதில் உளுந்து முளைத்திருந்தது. ஊர்ப் பெயரை வெளியில் சொல்வதில்லை என்று சாந்தி அங்குள்ளவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளி, ஊருக்குள் போகும் பெரிய தெருவில் டீக்கடை. வாசல் பெஞ்சில் இருந்த பெரியவர்கள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். சுக்கு தட்டிப் போட்ட டீ, பத்து ரூபாய், பிரமாதம்.

இந்த ஊர்ப் பெண்கள் பலர் புதியம்புத்தூர் தையல் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். மழைக்காலத்தில் மட்டும் அடிக்கடி வேலைக்குப் போவதில்லை. ஏன் என்பதுதான் சாந்தியின் கேள்வி. "இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி? ஒரு தூத்தல் விழுந்தா இவளுவளுக்குச் சோம்பல் வந்துருது" என்றார் கடைக்காரர் முத்தையா அண்ணாச்சி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாரிச்செல்விக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. ஆறு வருஷத்துக்கு முன் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து, தையல் கம்பெனிக்குப் போகிறவள்; டீ குடித்த பிறகு சாந்தி என்னை அவள் வீட்டுக்கு அழைத்துப்போனாள். "இன்னொரு மழைக்கு லீவு போட்டா வரவே வேண்டாம்னுட்டாரு சூப்பர்வைசர்" என்றாள்.

அன்று, நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ரோட்டிலேயே இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கான புது நிழற்குடையை டீக்கடைக்கு எதிரே கட்டுவதென்று ஏற்கெனவே முக்கால்வாசி முடிவாகியிருந்தது. அங்கேதான் சாந்தி தன் தாள்களை எடுத்தாள். ஊர் வரைபடம் அச்சடித்த கண்ணாடித் தாள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, வீட்டிலிருந்து பஸ் ஏற நடக்கும் வழியை முன்பே வரையச் சொல்லி வாங்கியிருந்தாள். ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. தனித்தனியே பார்த்தால் வெறும் கிறுக்கல்.

எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நீலக் கோடுகள் எல்லாம் நேரே பெரிய தெருவில். சிவப்பு ஒன்றுகூட அந்தத் தெருவில் இல்லை. அத்தனையும் வீடுகளின் பின்பக்கம் இறங்கி, கரிசல் காட்டைச் சுற்றிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தன. மழை பெய்தால் அந்தக் காட்டில் காலை எடுத்து வைக்க முடியாது. சேற்றோடு மல்லுக்கட்டி வருவதற்குள் பஸ் போய்விடும்.

"நல்ல ரோடு கெடக்கையில எதுக்குத்தா சேத்துல போறீங்க?" என்றார் அண்ணாச்சி.

"ரோட்டுப் பெஞ்சுல நீங்கள்லாம் உக்காந்திருக்கீங்கள்ல மாமா" என்றாள் மாரிச்செல்வி. "எங்க மாமனாரு, சின்ன மாமனாரு எல்லாரும் அங்கனதான். அவிய முன்னால எப்படி நடந்து போக?"

"நாங்க யாரையும் போகக்கூடாதுன்னு சொன்னதில்லையே!"

"சொல்லல மாமா. நாங்களாத்தான் போறதில்ல."

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவன் நான். யாரும் போடாத ஒரு சட்டம் ஊரையே வளைத்துக் கிடந்தது என் கண்ணில் படவில்லை. தினமும் அங்கே உட்காருகிறவர்கள் கண்ணிலும் படவில்லை. சாந்தியை நிமிர்ந்து பார்க்கவே மலைப்பாக இருந்தது.

அண்ணாச்சி ஜன்னலருகே போய்ச் சிவப்புக் கோடுகளை விரலால் தொடர்ந்து பார்த்தார். "நிழக்குடைய கடைக்கு எதுக்க கட்டினா, மழைக்கு அதுலயும் நாங்கதான் உக்காந்திருப்போம்" என்றார். பிறகு, "பள்ளிக்கூடத்துக்கிட்ட கட்டுங்க. பெஞ்ச நான் கடைக்குப் பின்னால போட்டுக்கிடுதேன்." ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஆனால் மறுக்கவில்லை. பெஞ்சை அப்போதே தூக்கிக்கொண்டு போனார்கள்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் செருப்பு வேண்டாம், கரிசல் பிடுங்கிக்கொள்ளும். திரும்பும்போது கடம்பூர் வழியாக வந்து போளி வாங்குங்கள். ஆய்வு செய்கிற நண்பர் யாராவது கூப்பிட்டால், கேலியை வீட்டில் வைத்துவிட்டுக் கூடப் போங்கள்.

நான் பஸ்ஸுக்கு நின்றபோது மாரிச்செல்வி பெரிய தெரு வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக அந்த ஊரில் இருப்பவள், வெளியூரிலிருந்து வந்தவளைப் போல ஒவ்வொரு கடையாக நின்று பார்த்துக்கொண்டே போனாள்.