கொடுக்காத எட்டணா

அம்மா பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்த கோடை விடுமுறையில், பருத்தி விற்கப் போன அப்பா என்னையும் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனார். லாட்ஜ் மாடியில் அறை. காலையில் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். ஜன்னலுக்கு வெளியே ஊரே பேசிக்கொண்டிருந்தது. என்னோடு பேசத்தான் ஆளில்லை.

அறையைப் பெருக்கி, கீழேயிருந்து தண்ணீர் சுமந்து வந்து ஊற்றும் பெண் ஒருத்திதான் வருவாள். முதல் நாள் என் அழுத முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே ராசா, தண்ணி சொமந்தது நானு, ஒம் மூஞ்சி எதுக்கு இம்புட்டு ஈரமா இருக்கு?" என்றாள். அப்புறம் தினமும் வேலை முடிந்ததும் அறை வாசலில் உட்கார்ந்து என்னோடு சொட்டாங்கல் ஆடினாள். தோற்றால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கீழேயிருந்து மேனேஜர், "ஏட்டி, மேல என்ன, சம்பந்தம் பேசுதியா?" என்று கத்துவார்.

"பேசி முடிஞ்சிட்டு அண்ணாச்சி, தட்டு மாத்த வேண்டியதுதான்" என்பாள்.

அவளுக்கு என் வயதில் ஒரு மகன். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினான். "சம்பளம் கஞ்சிக்கே காணாது. ரூமுக்காரவிய போகும்போது குடுக்கதுலதான் அவனுக்கு ஒரு டவுசர் எடுக்கணும்" என்றாள். எனக்கு அந்தப் பையன்மேல் பொறாமைதான் வந்தது.

பக்கத்து அறை மிளகாய் வியாபாரி காலி செய்தபோது அவளிடம் காசு நீட்டினார். முந்தானையில் கையைத் துடைத்து, குனிந்து வாங்கி, "மகராசனா இருங்க மொதலாளி" என்றாள். அது வேறு யாருடைய குரலோ போலிருந்தது.

நாங்கள் புறப்பட்ட அன்று அப்பா எட்டணாவை என் கையில் வைத்து, "நீயே குடு. ஒன்னையப் பாத்துக்கிட்டால்லா" என்றார்.

அவள் குடத்தோடு மாடிப்படியருகே நின்றாள். "கெளம்பியாச்சா ராசா?"

கொடுத்தால் என்னையும் முதலாளி என்பாள். காசுக்குத்தான் விளையாடினாள் என்றும் ஆகிவிடும். கையை இறுக மூடிக்கொண்டேன். "அடுத்த லீவுக்கும் வாரேன்" என்றேன்.

"வா ராசா" என்றாள். நகரவில்லை.

பஸ்ஸில் அப்பா, "குடுத்தியால?" என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். விளாத்திகுளம் சாலையில் அவர் கண்ணயர்ந்ததும் காசை ஜன்னல் வழியே கரிசலில் எறிந்தேன்.

கஞ்சத்தனத்தால் அல்ல, பிரியத்தால்தான் என்று சொல்லிக்கொள்ள இந்த வயதிலும் ஆசையாக இருக்கிறது. டவுசர் கிடைக்காத பையனுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த லாட்ஜுக்கு நான் மறுபடி போகவேயில்லை.

அன்று அவள் குடத்தைத் தூக்காமல் என் மூடிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பிரிய மனமில்லாமல் நிற்கிறாள் என்று நினைத்து, ஊர் வந்து சேரும்வரை சந்தோஷமாயிருந்தேன்.