கொல்லிமலையில் அவிழ்த்த ஏட்டுக் கட்டு

அன்று என் குழந்தைக்கு உண்மையிலேயே உடம்பு சுட்டதா? ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் கல்லூரியில் சரித்திரம் கற்பிப்பவர். முந்நூறு வருஷங்களுக்கு முன் நம்மவர்கள் என்ன வைத்தியம் செய்தார்கள் என்று பழைய ஏடுகளைத் தேடிப் படித்து, அச்சிட்டு வருகிறார். கொல்லிமலையில், தேவனூர் நாட்டு விவசாயி ஒருவரிடம் குழந்தை வைத்திய ஏடு இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தை மாதம் புறப்பட்டோம். கைக்குழந்தையை யாரிடமும் விட்டுவர எனக்கு மனம் வரவில்லை.

காலை ஆறு மணிக்குச் சேந்தமங்கலத்திலிருந்து மாட்டு வண்டி. அடிவாரத்தில் டோலிக்கு மூன்று ரூபாய். டோலி தூக்கியவர், "சாமிக்குத் தனிக் கூலி வேண்டாங்க, அம்மிணி மடியிலதான வருது" என்று சிரித்தார். பாதை முழுக்கக் கல். வளைவுக்கு வளைவு குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். மிளகுக் கொடிகளும் சாமை அறுத்த காடுகளும் கண்ணில் பட்டபோது பிற்பகல் இரண்டு மணி.

விவசாயி மோர் கொடுத்தார், ஏட்டைக் கொடுக்கவில்லை.

"ஊட்ல நோயாளி இல்லாம கட்ட அவுக்கக் கூடாதுங்க. அவுத்தா, அதுல சொன்ன வைத்தியத்தச் செஞ்சுட்டுத்தான் மூடோணும்."

கணவர் குழந்தையின் நெற்றியில் கை வைத்தார். "இவனுக்கு உடம்பு சுடுதே!"

நானும் தொட்டேன். வெயிலில் வந்த என் கையே சூடாக இருந்தது. "ஆமா போலிருக்கு" என்றேன்.

கட்டு அவிழ்ந்தது. விவசாயி பாட்டுப் பாட்டாக வாசித்தார். கணவர் பென்சிலால் எழுதிக்கொண்டே போனார். எனக்குப் பாதி புரியவில்லை. விவசாயியின் மனைவி விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு எடுத்து வந்து, "சட்டையத் தூக்குங்க அம்மிணி" என்றபோதுதான் விளங்கியது. தொப்புளுக்கு மேல் சூடு வைக்கும் வைத்தியம் அது.

குழந்தையை இறுக்கிக்கொண்டு எழுந்தேன். "இவனுக்குக் காய்ச்சல் இல்லைங்க! ஏடு பார்க்கத்தான் அப்படிச் சொன்னோம்!"



"பொய்க் காச்சலுக்குக் கட்ட அவுத்தாச்சு. இப்ப நெசச் சூட்ட ஆருக்கு வெக்கறது?" என்று அந்த அம்மாள் தன் கணவரைக் கேட்டாள்.

"அவுத்தவன் நாந்தான? எனக்கு வையி."

அவர் முன்கையை நீட்டினார். நான் தடுப்பதற்குள் தோல் பொசுங்கும் வாடை வந்துவிட்டது. வீறிட்டழுத என் குழந்தையிடம், பல்லைக் கடித்தபடி, "அழுவாத கண்ணு, உனக்கில்ல" என்றார். இவ்வளவுக்கும் என் கணவர் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் இறங்கினோம். சேந்தமங்கலத்தில் குழந்தைக்கு நிஜமாகவே காய்ச்சல் கண்டது, தானாகவே தணிந்தது.

கணவரின் கையெழுத்து அச்சகத்தாருக்குப் புரியாது. நான்தான் எப்போதும் நல்ல பிரதி எழுதித் தருவேன். இந்த ஏட்டை மட்டும் இன்னும் எழுதவில்லை. அச்சானால், எங்கோ ஒரு வீட்டில் பச்சைக் குழந்தையின் வயிற்றில் மஞ்சளைச் சுட்டு வைப்பார்கள். அச்சாகாவிட்டால், அந்த மனிதர் வாங்கிக்கொண்ட சூடு வீண். வாசகர்கள், முக்கியமாகக் குழந்தை பெற்றவர்கள், தயவுசெய்து சொல்லுங்கள்: நான் பிரதி எழுதித் தரட்டுமா?