அம்மா எழுந்து நின்ற நாடகம்

என் அக்கா ஒரு பிரபல நடிகரின் நாடகக் கம்பெனியில் உடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் படிக்கவைப்பதற்காக மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள், கண்டோன்மெண்டில் அந்த நடிகர் வாடகைக்கு எடுத்திருந்த பங்களாவின் மாடியிலிருந்து விழுந்து செத்தாள். அவர்தான் தள்ளிவிட்டார் என்று போலீஸ் கொலை வழக்குப் போட்டது. தள்ளியதைப் பார்த்தேன் என்று முதலில் சொன்ன சமையல்காரர், கோர்ட்டில் எதையும் பார்க்கவில்லை என்றார். நடிகர் விடுதலையானார். கோர்ட் வாசலிலேயே அவருக்கு மாலை போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இடிபட்டுத்தான் நானும் அம்மாவும் பாலக்கரைக்குத் திரும்பினோம்.

ஏழெட்டு வருஷம் போயிற்று. நான் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு குழு அந்த வழக்கை நாடகமாகப் போடுவதாகக் கேள்விப்பட்டோம். பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்களாம். போக வேண்டாம் என்றேன்.

"கோர்ட்டுல வராத உண்மை இங்கயாவது வருதான்னு பாப்போம்டி" என்றாள் அம்மா.

சனிக்கிழமை சாயங்காலம் டவுன் பஸ் ஏறிப் போனோம். ஹால் நிறைந்திருந்தது. அக்காவாக நடித்த பெண் உதட்டுச் சாயமும் பளபளக்கும் புடவையுமாக வந்தாள். நடிகரை மிரட்டிக் கடிதம் மேல் கடிதமாக எழுதினாள். என் அக்காவுக்குப் படித்ததெல்லாம் மறந்து, கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். கடைசியில், "உங்க பேரைக் கெடுத்துட்டுத்தான் சாவேன்" என்று கத்திவிட்டு அவளே மாடியிலிருந்து குதித்தாள்.

"இவளுக்கு நல்லா வேணும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "பொய்யி! எம் பொண்ணு குதிக்கல! தள்ளி விட்டாங்க!"

சபை முழுக்கத் திரும்பியது. பிறகு கைதட்டினார்கள். "நடிக்கிற ஆளை நமக்கு நடுவுலயே உக்கார வச்சிருக்கான் பாருங்க, பிரமாதம்!" என்றார் பின்வரிசைக்காரர். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். சொல்லச் சொல்லக் கைதட்டல் கூடியது. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம். எழுதியவர் ஏதோ ஆபீஸில் குமாஸ்தா. மரியாதையாக அம்மாவுக்கு நாற்காலி போட்டார்.

"பேப்பர்ல வந்ததைத்தாங்க எழுதினேன்."

"என் அக்கா கடுதாசி எழுதினதாப் பேப்பர்ல வந்துச்சா?"

"இல்லீங்க... கதை சூடு பிடிக்கணுமில்லீங்களா."

பேசும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னார். நம்பி வந்தோம்.

சில மாதங்களுக்குப் பிறகு, பள்ளியில் சாப்பிட உட்கார்ந்தபோது, புதிதாகச் சேர்ந்த டீச்சர் அந்த நாடகத்தைப் பற்றிச் சொன்னாள். என் வீட்டுக் கதை அவளுக்குத் தெரியாது.

"கடைசியில ஜனங்களுக்கு நடுவுலேர்ந்து ஒரு தாய் எந்திரிச்சுக் கத்துறா டீச்சர். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் மக தானாத்தான் குதிச்சான்னு தெரிஞ்சு, மேடையேறி அந்த நடிகர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறா. அழாத ஆளே இல்ல."

டிபன் டப்பாவை மூடிவிட்டேன். அன்று மத்தியானம் காரணமே இல்லாமல் ஒரு பெண்ணை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன்.

அம்மா ஒருமுறைதான் கேட்டாள். "அந்த நாடகத்த நிறுத்திட்டாங்களாடி?"

"நிறுத்திட்டாங்கம்மா."

"பாத்தியா? அன்னிக்கு நான் வாயத் தொறந்தது வீண் போகல."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது, தெரிந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். அவர்களில் பாதிப்பேர் அந்த நாடகத்தைப் பார்த்திருந்தார்கள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. தஞ்சாவூர், கும்பகோணம் என்று அது இரண்டு வருஷம் ஓடியது.