முதல் கப்

கிஃப்ட் அக்காவை அந்தக் கட்டடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவளைவிட வயதில் மூத்த கூரியர்காரரே அக்கா என்றுதான் கூப்பிடுவார். மூன்றாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்து, "அக்கா, அடுத்த ஜென்மத்துலயாவது லிஃப்ட் இருக்கற வீடா பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டிகளைத் தூக்குவார். "அடுத்த ஜென்மத்துல நீங்க கடை வைங்க, நான் வந்து தூக்கறேன்" என்பாள் அவள். இருவருக்கும் இந்தப் பேச்சு அலுத்ததே இல்லை.

கடை என்றதும் பெயர்ப்பலகை, ஷட்டர் என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இணையத்தில் ஒரு பக்கம், வீட்டின் உள்ளறையில் ஒரு மேஜை, அவ்வளவுதான் கடை. மேஜைமேல் ஒரு பிரிண்டர், கப்பை இறுக்கிப் பிடித்துச் சூடேற்றும் ஒரு மெஷின், ஒரு எலக்ட்ரிக் கெட்டில். அறை ஒருகாலத்தில் பையனுடையது. அவன் அலமாரிக் கதவில் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுக்க இன்றுவரை யாருக்கும் கை வரவில்லை.

அவள் விற்கும் கிஃப்ட் சாமான்களில் மேஜிக் கப்புக்குத்தான் கிராக்கி. பார்ப்பதற்கு அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கன்னங்கரேலென்று இருக்கும். சூடாக எதையாவது ஊற்றினால் கறுப்பு மெல்ல விலகி, நீங்கள் கொடுத்த போட்டோ வெளியே வரும். ஆறினால் மறுபடி கறுப்பு. காதலர்கள், பிறந்தநாள்காரர்கள், மேலதிகாரியைக் குளிர வைக்க நினைப்பவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். இதில் ஒரே தொல்லை, ஆறிய கப்பில் யார் முகம் இருக்கிறது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அதனால் பெட்டியில் வைக்கும் முன் ஒவ்வொரு கப்பிலும் வெந்நீர் ஊற்றி, முகத்தைப் பார்த்து, துடைத்து, அதன் பிறகே வைப்பாள்.

அவளுக்கு விழுந்ததெல்லாம் அடிமேல் அடி. முதலில் வேலை பார்த்த அலுவலகத்தை இழுத்து மூடினார்கள். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று இந்தக் கடையைத் தொடங்கினாள். கடை தலைதூக்கிய சமயத்தில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தபோது அவள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். "சாதாரணக் காய்ச்சல்தான், காலைல பார்த்துக்கலாம்" என்றார் கணவர். காலையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, ஏன் நேற்றே வரவில்லை என்பதுதான்.

துக்கம் கேட்க வந்த உறவினர்கள், "இன்னொண்ணு பெத்துக்கோங்க" என்று ஏதோ உடைந்த சாமானுக்கு மாற்றுச் சாமான் கேட்டு வாங்குவதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னவர்கள் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க வேண்டும். கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்தவர். அதன் பிறகு அவரால் ஸ்டியரிங் முன்னால் உட்கார முடியவில்லை. கை நடுங்கியது. ஹால் நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தை அணைத்து டிவி பார்ப்பதே அவருடைய முழுநேர வேலையாகிவிட்டது. அவள் அவரை ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. அவரே தன்னைக் குத்திக்கொண்டிருந்ததில் இவள் வேறு எங்கே குத்துவது?

கடையில் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. காலையில் மெஷினைப் போட்டதும் முதல் கப்பில் பையன் படத்தை அச்சடிப்பாள். மை ஒருநாள் சிவந்து வரும், ஒருநாள் வெளிறி வரும், சூடு கூடினால் முகமே கருகிப்போகும். வாடிக்கையாளர் வீட்டு முகங்களின் நிறம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவன் கன்னத்தின் நிறம் தெரியும். அது சரியாக வந்துவிட்டால் அன்றைக்கு எல்லார் முகமும் சரியாக வரும். பள்ளித் தொப்பியில் ஒரு காது மடங்கியிருக்க, முன்பல் விழுந்த வாயைத் திறந்து சிரிக்கும் படம் அது. வீட்டில் அவனுக்குப் பெயரே ஓட்டைப்பல்தான்.

கைப்பிடி கோணியது, விளிம்பு சில்லுப் பெயர்ந்தது என்று விற்க முடியாத கப்புகளைத்தான் இதற்கு எடுப்பாள். அச்சானதும் ஜன்னல் விளிம்பில் ஆற வைப்பாள். கறுத்ததும் மேஜைக்கு அடியில் உள்ள பெட்டியில் போடுவாள். ஒன்றையும் எறிந்ததில்லை. அந்தப் படம் கறுத்து மறையும்வரை கணவர் அறைப் பக்கமே தலைகாட்ட மாட்டார், பால்கனியில் போய் நின்றுகொள்வார். வெந்நீர் ஊற்றிப் பார்க்கும் வேலையும் அவருக்கு ஆகாது. யார் முகமானாலும் அப்படி மெல்ல மெல்ல மேலே வருவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"வேற யாரு படமாவது போட்டுப் பாரேன்" என்று ஒருமுறை கேட்டார்.

"வேற யாரு கன்னம் எனக்குத் தெரியும்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஒருநாள் காலை, விற்க முடியாத கப் ஒன்றும் மிச்சமில்லை. நல்ல கப்பிலேயே முதல் படத்தை எடுத்துவிட்டு, அடுத்தடுத்த ஆர்டர்களையும் அச்சடித்து எல்லாவற்றையும் ஜன்னலில் ஆர்டர் வரிசைப்படியே ஆற வைத்தாள். கெட்டிலை எடுக்கத் திரும்பியவளுக்குத் தலை சுற்றியது. அப்படியே மெஷின் பக்கத்தில் சரிந்தாள். கணவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஓடி வந்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். பையனுக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியாத கணவர் வீட்டிலேயே நின்றுவிட்டார். ரத்த அழுத்தம் தாறுமாறாக இருந்தது. ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள்.

அவள் வீடு திரும்பியபோது அறை காலியாக இருந்தது. கப்புகள் எல்லாம் பெட்டிக்குள் போய், விலாசம் ஒட்டப்பட்டு, கூரியர்காரர் தூக்கிக்கொண்டும் போய்விட்டார். ஜன்னலில் ஒரே ஒரு கப் மட்டும் நின்றது.

"நீ அலையக் கூடாதுன்னு நானே பேக் பண்ணிக் குடுத்துட்டேன்" என்றார் கணவர். "நம்ம கப்ப மட்டும் தனியா வெச்சுட்டேன்."

வெந்நீர் ஊற்றிப் பார்த்தீர்களா என்ற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த மனிதர் தானாக எழுந்து ஒரு வேலை செய்திருக்கிறார். கேட்க மனம் வரவில்லை. விழுங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் புகார் வந்தது. எழுதியவர் ஒரு டீச்சர்.

"மேடம், எங்க வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு நாங்க ரெண்டு பேரும் இருக்கற படம் குடுத்திருந்தேன். எல்லார் முன்னாடியும் டீ ஊத்தினா யாரோ ஒரு பையன் சிரிக்கறான். எங்க மாமியார் கப்பையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. யாரு பையன்னு கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அதன் கீழே கடையின் பதில் ஏற்கெனவே போயிருந்தது. புகார் வந்தால் தானாகப் போகும்படி அவளே எழுதி வைத்த பதில். கப் நன்றாக இருக்கும்போதே பழுது என்று பொய் சொல்லி இன்னொன்று வாங்கியவர்கள் இருந்தார்கள். திருப்பி வாங்கினாலும் யாரோ ஒருவர் முகம் போட்ட கப்பை வைத்து என்ன செய்வது? ஆகவே அவள் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கப்பை உடைத்து போட்டோ அனுப்புங்கள், புதுக் கப் வரும். கறுப்புத் துண்டு எந்தக் கப்பின் துண்டாகவும் இருக்கலாம், எனவே உடைத்த துண்டுகளின்மேல் வெந்நீர் ஊற்றி, முகம் தெரியும்படி எடுங்கள். இதை எழுதிய அன்று, எமகாதகனும் இனி ஏமாற்ற முடியாது என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னாச்சு? மறுபடி தலை சுத்துதா?"

அவள் திரையைக் காட்டினாள். படித்து முடித்ததும் அவர் நேராக ஜன்னலுக்குப் போய் அந்தக் கப்பை எடுத்தார். கெட்டிலில் இருந்த வெந்நீரை ஊற்றினார். அவர் ஊற்றி அவள் பார்த்ததே இல்லை. கறுப்பு விலகியது. கழுத்தில் கேமரா தொங்க ஒரு ஆளும், அவர் தோளில் சாய்ந்த ஒரு பெண்ணும் வெளியே வந்தார்கள்.

"பக்கத்துல இருந்த கப்ப மாத்தி எடுத்துட்டேன்" என்றார். பிறகு, "மறுபடியும் நான்தான்" என்றார்.

"அப்படிப் பேசாதீங்க."

"ஒடைக்க வேணாம்னு எழுது. இப்பவே எழுது. அவங்க விலாசம் இருக்கில்ல? இந்தக் கப்பக் குடுத்துட்டு நானே போய் அதை வாங்கிட்டு வரேன்."

"அது எங்கயோ இருக்குங்க. ரொம்ப தூரம்."

"இருக்கட்டும். வண்டி எடுத்துட்டுப் போறேன்."

வண்டிச் சாவி எங்கே கிடக்கிறது என்றே அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. அவர் ஹாலுக்குப் போய் ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்துத் தேட ஆரம்பித்தார். அவள், தயவுசெய்து உடைக்காதீர்கள், அது எங்கள் மகன் என்று எழுதத் தொடங்கினாள். முடிப்பதற்குள் டீச்சரின் பதில் வந்துவிட்டது.

"நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டேன் மேடம். சின்னப் பையன் முகம், ஒடைக்கவே மனசு வரல. கண்ண மூடிட்டுத்தான் போட்டேன். படம் தெளிவா இருக்கா?"

தெளிவாகத்தான் இருந்தது. எவர்சில்வர் தட்டில் துண்டுகளை ஒழுங்காகப் பரப்பி, வெந்நீர் ஊற்றி, ஆவி அடங்குவதற்குள் எடுத்திருக்கிறார். ஒரு துண்டில் மடங்கிய காது. ஒரு துண்டில் தொப்பி. பெரிய துண்டில் வாய் முழுசாக இருந்தது, விழுந்த பல்லோடு. கன்னத்தின் நிறம் அச்சு அசலாக வந்திருந்தது. டீச்சரைத் திட்டலாம் என்றால் அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. சொன்னதைத்தான் செய்தார். சொன்னது யார்?

ஹாலில் இழுப்பறைகள் சாத்தும் சத்தம் நின்றது. கணவர் சாவியோடு வந்தார். சட்டை மாற்றியிருந்தார், தலை வாரியிருந்தார். சாவி பிடித்த கை நடுங்கத்தான் செய்தது, ஆனாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

அவள் திரையை அணைத்தாள்.

"ஒடைக்கலையாம்."

"நெஜமாவா?"

"பையன் முகம் ரொம்ப நல்லா இருக்காம். அவங்களே வெச்சுக்கறாங்களாம். திருப்பி அனுப்ப மனசு வரலியாம்."

அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். வெகுநேரம் அழுதார். பையன் போனபோதுகூட அவர் இப்படி வாய்விட்டு அழவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போகட்டும், ஒரு வீட்லயாவது நல்லபடியா இருக்கட்டும்" என்றார். அவர் முகம் கழுவப் போன சமயத்தில் அவள் திரையை மறுபடி போட்டாள். உடைத்த கப்பின் படம் ஏற்கப்பட்டது என்ற பொத்தானை அழுத்தினால்தான் டீச்சருக்கு மாற்றுக் கப் போகும். அழுத்தினாள். உடைக்கச் சொல்லும் அந்தப் பதிலை அடியோடு அழித்தாள்.

மறுநாள் காலை மெஷின் முன்னால் நின்றவளால் அவன் படத்தைத் திரையில் திறக்க முடியவில்லை. துண்டு துண்டாகவே கண்ணுக்குத் தெரிந்தது. வேறு ஏதாவது படத்தை வைத்து நிறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். கணவர் ஒப்பவில்லை.

"அவன் படம்தான் போடணும். நீ தள்ளு, நான் பண்றேன்."

அன்றிலிருந்து முதல் கப் அவருடையது. சூடு பார்த்து, நேரம் பார்த்து, பொறுமையாக எடுப்பார். வெந்நீர் ஊற்றிப் பார்க்கும் வேலையையும் அவரே வாங்கிக்கொண்டார், ஒரு கப்பையும் விடுவதில்லை. டிவி அணைந்தே கிடக்கிறது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். இப்போது முதல் கப் ஆறிக் கறுக்கும்வரை பால்கனியில் போய் நிற்பது கிஃப்ட் அக்காதான். துணி காய வைக்க என்று சொல்லிக்கொள்கிறாள்.

சில நாட்களில் அவர் கப்பைத் துடைத்தபடியே கேட்பார்.

"அந்த டீச்சர்கிட்ட இருந்து ஏதாவது மெசேஜ் வந்துதா?"

"வந்துச்சு. தினமும் அதுலதான் டீ குடிக்கறாங்களாம்."

"கழுவும்போது பார்த்துக் கழுவச் சொல்லு. கைப்பிடி சட்டுனு ஒடைஞ்சிடும்."

"சொல்றேங்க" என்பாள்.